தொட்டியில 1600, கெணத்துல 110, எதுக்கு பயப்படணும்?

போன ஐப்பசியில சொசைட்டிக்காரங்க ரெண்டு நாள் தொடர்ந்து எங்க பாலைத் திருப்பி அனுப்பிட்டாங்க. மெத்திலீன் ப்ளூ போட்டுப் பாத்தா நீலம் சீக்கிரமா வெளுத்துப் போவுதாம், அப்படின்னா பாலுல கிருமி அதிகம்னு அர்த்தம். அப்பா அன்னிக்கு சாயங்காலம் போன் பண்ணி "அம்மிணி, நம்ம தோட்டத்துத் தண்ணிய கொஞ்சம் பாத்துச் சொல்லு, அவுங்க என்னமோ கேன் அலசற தண்ணி சரியில்லைங்கறாங்க" ன்னாரு. நான் தண்ணி டெஸ்ட் பண்ற லேப்லதான் ஆறு வருஷமா வேலை பாக்கறேன், தினமும் யார் யார் வீட்டுத் தண்ணியோ பாக்கறேன், சொந்தத் தோட்டத்துத் தண்ணிய ஒரு தடவை கூட பாத்ததில்ல. வைத்தியர் வீட்டுப் புள்ள நோஞ்சானா இருக்கற கதைதான்.

அதுக்கு முன்னாடியே தம்பி அவசரப்பட்டு பக்கத்து டவுன்ல எங்கயோ ஒரு டெஸ்ட் எடுத்துட்டான். ரிப்போர்ட்ல ஒரே ஒரு வரி, "கோலிஃபார்ம்: உள்ளது". அவ்வளவுதான். எந்த கோலிஃபார்ம், எவ்வளவு, எங்க எடுத்த தண்ணி, ஒண்ணும் இல்ல. இவன் வேற தொட்டிக் குழாயில காலி கலர் பாட்டிலைப் புடிச்சு, பைக் பெட்டியில போட்டு வெயில்ல மூணு மணி நேரம் சுத்திட்டு குடுத்திருக்கான். அந்தப் பாட்டில்ல மிச்சமிருந்த சக்கரையில எது வளந்துச்சுன்னு யாரு கண்டா. அதைப் பாத்துட்டு ஆத்தா ஒரு பக்கம் அழுவ, அப்பா ஒரு பக்கம் "உங்க அப்பாரு காலத்துல இருந்து இதே தண்ணிதான், ஒருத்தனும் சாவல" ன்னு கத்த, வீடே ரெண்டாயிடுச்சு.

இதை எழுதறதே அந்த ஒத்த வரி ரிப்போர்ட்டாலதான்.

கோலிஃபார்ம்ங்கறது ஒரு கிருமியோட பேரு இல்லீங்க. அது ஒரு கூட்டம். கிராம் நெகட்டிவ் (கிராம் சாயம் போட்டா ரோஸாத் தெரியற வகை), குச்சி மாதிரி இருக்கும், ஸ்போர்ங்கற கெட்டி ஓட்டு விதை உண்டாக்காது, லாக்டோஸ் சக்கரையைத் தின்னு 35 டிகிரி சூட்டுல 48 மணி நேரத்துக்குள்ள ஆசிட்டும் கேஸும் விடும், இந்த லட்சணமெல்லாம் இருந்தா கோலிஃபார்ம். எஷெரிஷியா, கிளெப்சியெல்லா, என்ட்ரோபாக்டர், சிட்ரோபாக்டர்னு பல குடும்பம் இதுக்குள்ள வரும். இதுல எஷெரிஷியா குடும்பத்து ஈ.கோலி மட்டுந்தான் கிட்டத்தட்ட மனுசன் மாடு ஆடு கோழின்னு உடம்புச் சூடுள்ள சீவனுங்க குடல்லயே குடியிருக்கறது. மத்தது எல்லாம் சாணியிலயும் இருக்கும், மண்ணுலயும் இருக்கும், இலை தழையிலயும் இருக்கும், தொட்டி சுவத்துல பாசிக்கு நடுவுலயும் சொகமா இருக்கும். அதனால "கோலிஃபார்ம் இருக்கு" ன்னு மட்டும் சொல்றது, "வாசல்ல யாரோ நிக்கறாங்க" ன்னு சொல்ற மாதிரி. பால்காரனா திருடனான்னு பாக்க வேண்டாமா?

ஞாயித்துக்கெழம நானே போனேன். எங்க தோட்டத்துல தண்ணி மூணு எடத்துல. ஒண்ணு பழைய சதுரக் கெணறு, குடிக்கறது சமைக்கறது எல்லாம் அதுதான். ரெண்டு, 600 அடி போர், தண்ணி ஒரே உப்பு, அதுல பருப்பே வேகாது. மூணு, அந்த போர் தண்ணி ஏறி நிக்கற சிமெண்ட் தொட்டி, மாடு குடிக்க, கட்டுத்தறி கழுவ, பால் கேன் அலச எல்லாம் அதுல இருந்துதான். மூணுலயும் தனித்தனியா எடுத்தேன். ஆட்டோகிளேவ் பண்ணின, அதாவது நீராவியில கிருமியக் கொன்ன பாட்டில், குழாய் வாயை ஸ்பிரிட் பஞ்சுல கொளுத்தி, ரெண்டு மூணு நிமிஷம் தண்ணிய ஓட விட்டு, அப்புறந்தான் புடிக்கணும். கெணத்துக்கு பாட்டில்ல கல்லைக் கட்டி கயிறு விட்டு எறக்கணும், சுவத்துல இடிக்கக் கூடாது. குளோரின் போட்ட தண்ணியா இருந்தா பாட்டில்ல முன்கூட்டியே சோடியம் தயோசல்பேட் போட்டு வெக்கணும், இல்லாட்டி லேப் வர்ற வழியில குளோரின் மிச்சத்தையும் கொன்னுடும், ரிப்போர்ட் பொய்யா நல்லா வரும். எங்களது குளோரினே பாக்காத தண்ணி, அதனால அந்தக் கவலை இல்ல. ஐஸ் பெட்டியில வெச்சு ஆறு மணி நேரத்துக்குள்ள லேப்.

லேப்ல நாங்க இன்னும் பழைய முறையிலதான், எம்பிஎன், அதாவது எத்தனை ட்யூப்ல கிருமி வளருதுன்னு பாத்து, 100 மில்லிக்கு எத்தனை இருக்கும்னு டேபிள்ல மதிப்புப் பாக்கறது. கேக்கறவங்களுக்கு போரடிக்கும், எனக்கு இது ரொம்பப் புடிக்கும். ஒரு சாம்பிளுக்கு 15 ட்யூப். அஞ்சுல 10 மில்லி தண்ணி, அஞ்சுல 1 மில்லி, அஞ்சுல 0.1 மில்லி. 10 மில்லி போடற ட்யூப்ல மட்டும் மெக்காங்கி ப்ராத், அதாவது கிருமி வளக்கற சாறு, ரெட்டை ஸ்ட்ராங்கா இருக்கணும், ஏன்னா தண்ணி சேந்ததும் நீத்துப் போயிடும். ப்ராத் ஊதா கலர்ல இருக்கும், உள்ள குட்டியா ஒரு ட்யூப் தலைகீழா கவுந்து கெடக்கும், அதுதான் டர்ஹாம் ட்யூப், 1898ல ஹெர்பெர்ட் டர்ஹாம்ங்கறவர் போட்ட ஐடியா, இன்னி வரைக்கும் அதே குட்டிக் குழாய்தான். கிருமி லாக்டோஸைத் தின்னா ஆசிட்ல ஊதா மஞ்சளாகும், கேஸ் போயி அந்தக் குட்டிக் குழாய் தலையில முட்டை மாதிரி நிக்கும். ஒரு விஷயம், தண்ணி போடறதுக்கு முன்னாடியே குட்டிக் குழாயில காத்து இருக்கான்னு ஒண்ணொண்ணா பாக்கணும். வேலைக்கு சேந்த புதுசுல நான் பாக்காம ரேக்கை ஆட்டி ஆட்டித் தூக்கிட்டுப் போயி, பதினோரு ட்யூப்ல கேஸ்னு எழுதி, சீனியர் அக்கா வந்து "கலரே மாறல, கேஸ் மட்டும் எப்படி வந்துச்சு கண்ணு, நீ ஊதினியா?" ன்னு கேட்டது இன்னும் காதுல கேக்குது.

45 ட்யூப். 24 மணி நேரத்துல ஒரு பார்வை, 48ல ஒரு பார்வை. போர் தண்ணி 15 ட்யூபும் ஊதாவாவே இருந்துச்சு, ஒண்ணுலயும் கேஸ் இல்ல. கெணத்துல 10 மில்லி அஞ்சும், 1 மில்லியில மூணும், 0.1ல ஒண்ணும் பாசிட்டிவ். 5-3-1, டேபிளைப் பாத்தா 100 மில்லிக்கு 110. தொட்டியில பதினஞ்சும் மஞ்சள், பதினஞ்சுலயும் கேஸ். டேபிள் அதுக்கு மேல போவாது, 1600 இல்ல அதுக்கும் மேலன்னு எழுதணும்.

இதோட நிறுத்தியிருந்தா என்ன சொல்லியிருப்போம்? தொட்டித் தண்ணி விஷம், கெணத்துத் தண்ணி பரவால்லன்னுதான். அப்பாவும் போன்ல அதைத்தான் சொன்னாரு, "பாத்தியா, நம்ம கெணறு நல்ல கெணறு". நான் "இன்னும் முடியலீங்ப்பா, நாலு நாள் பொறுங்க" ன்னுட்டேன்.

மஞ்சளான ட்யூப்ல இருந்து லூப்ங்கற கம்பி வளையத்துல ஒரு துளி எடுத்து பிரில்லியன்ட் க்ரீன் பைல் ப்ராத்துல போட்டா, கோலிஃபார்ம் மாதிரி வேஷம் போட்டுட்டு வந்த மத்த கிருமிங்க கழண்டுடும். அதுலயும் கேஸ் வந்தா கோலிஃபார்ம் உறுதி. கூடவே ஈசி (EC) ப்ராத்துன்னு இன்னொண்ணுல போட்டு 44.5 டிகிரி வாட்டர் பாத்ல வெப்போம். அந்தச் சூட்டைத் தாங்கி கேஸ் விட்டா குடல்ல இருந்து வந்ததா இருக்கலாம்னு கணக்கு, இதைத்தான் ஃபீக்கல், அதாவது மலத்துக் கோலிஃபார்ம்னு பழைய புக்ல போட்டிருக்கும். இப்ப தெர்மோடாலரன்ட், சூடு தாங்கறதுன்னு சொல்றாங்க, அதுதான் சரியான பேரு, ஏன்னா இங்கதான் சிக்கலே. கெணத்து ட்யூப் கேஸ் விட்டுச்சு. தொட்டி ட்யூபும் நாலு கேஸ் விட்டுச்சு! அந்த நிமிஷம் வயித்துல புளியக் கரைச்சுச்சு, மாட்டுக்கும் கேனுக்கும் போறது எல்லாமே சாணித் தண்ணியான்னு.

சரி பிளேட்ல பாப்போம்னு ஈஎம்பி அகார்ங்கற சாயம் கலந்த ஜெல்லியில இழுத்து வெச்சேன். மறுநாள் காலையில எடுத்துப் பாத்தா கெணத்துப் பிளேட்ல அந்தப் பச்சை மினுமினுப்பு. சின்ன வயசுல தீப்பெட்டியில போட்டு இலையைக் குடுத்து வளப்போமே பொன்வண்டு, அது முதுகை வெயில்ல திருப்பினா ஒரு பச்சை அடிக்கும்ல, அச்சு அசல் அதே பச்சை. ஈ.கோலி லாக்டோஸை வேகமாத் தின்னு ஆசிட் நெறய விடறதால சாயம் அப்படிப் படியுது. தொட்டிப் பிளேட்ல பொன்வண்டு ஒண்ணு கூட இல்ல. அதுல இருந்தது ரோஸ் கலர்ல கொழகொழன்னு, வெண்டைக்காய் நறுக்கின கத்தி மாதிரி, லூப்ல தொட்டுத் தூக்கினா நூல் மாதிரி இழுத்துட்டு வருது. பாத்ததுமே கிளெப்சியெல்லான்னு மனசு சொல்லுச்சு. மனசு சொல்றதை ரிப்போர்ட்ல எழுத முடியாதே.

அதுக்குத்தான் இம்விக். நாலு டெஸ்ட்டோட முதலெழுத்தைக் கோத்து வெச்ச பேரு. இண்டோலுக்கு ட்ரிப்டோன் தண்ணியில வளத்து கோவாக்ஸ் ரீஏஜன்ட் நாலு சொட்டு விட்டா மேல செவப்பு வளையம் நிக்கணும். மெத்தில் ரெட்ல செவப்பாகணும். விபி (வோகஸ் ப்ரோஸ்காயர்) டெஸ்ட்டுக்கு ஆல்ஃபா நாஃப்தாலும் காஸ்டிக் பொட்டாஷும் விட்டு ஆட்டிட்டு காத்துக்கெடக்கணும், அவசரப்பட்டு அஞ்சு நிமிஷத்துல நெகட்டிவ்னு எழுதினா போச்சு. சிட்ரேட் சாய்வு அகார் பச்சையில இருந்து மயில் கழுத்து நீலமாகணும். ஈ.கோலின்னா முதல் ரெண்டும் பாசிட்டிவ், பின்னது ரெண்டும் நெகட்டிவ். கிளெப்சியெல்லா நிமோனியேவும் என்ட்ரோபாக்டரும் பொதுவா அதை அப்படியே திருப்பிப் போட்டது. சிட்ரோபாக்டர் ஃப்ராயண்டின்னா மெத்தில் ரெட்டும் சிட்ரேட்டும் மட்டும்.

கெணத்துக் காலனி, அதாவது பிளேட்ல வளந்த கிருமிப் புள்ளி, ப்ளஸ் ப்ளஸ் மைனஸ் மைனஸ். சந்தேகமே இல்ல, ஈ.கோலி. 1885ல தியோடர் எஷெரிஷ்னு ஒரு கொழந்தை டாக்டர் பச்சக் கொழந்தைங்க மலத்துல கண்டுபுடிச்சு எழுதி வெச்ச அதே ஆளு.

தொட்டிக் காலனி மைனஸ் மைனஸ் ப்ளஸ் ப்ளஸ். சரி கிளெப்சியெல்லாவா என்ட்ரோபாக்டரா? இதை இம்விக் சொல்லாது. பாதி இறுகின அகார்ல நீட்டு ஊசியால நேரா ஒரு குத்து குத்தி ராத்திரி முழுக்க வெச்சேன். நீந்தற கிருமின்னா குத்தின கோட்டைச் சுத்தி பனிமூட்டம் மாதிரி கலங்கலாப் பரவும், நீந்தாததுன்னா கோடு கோடாவே நிக்கும். ரெண்டு காலனி கோடாவே நின்னுச்சு, யூரியாவை ஒடைக்குதான்னு பாக்கற யூரியேஸ் டெஸ்ட்டும் பாசிட்டிவ், கிளெப்சியெல்லா. ஒரு காலனி பரவுச்சு, யூரியேஸ் நெகட்டிவ், அது என்ட்ரோபாக்டர் ஏரோஜீன்ஸ். இந்த ஏரோஜீன்ஸையும் 2017ல கிளெப்சியெல்லா குடும்பத்துல சேத்து பேரை மாத்திட்டாங்க, ஜீனோம் பாத்தா அங்கதான் பொருந்துதாம். நாங்க லேப்ல இன்னும் பழைய பேர்லதான் கூப்பிடறோம், மெட்ராஸ்னே சொல்லிட்டுத் திரியற பெருசுங்க மாதிரி.

ஆக தொட்டியில சூடு தாங்கி ஏமாத்தினது கிளெப்சியெல்லா. இது சாணியிலயும் இருக்கும்தான், ஆனா மரம் மட்டை இலையிலயும் பெருகும். அமெரிக்காவுல ரெட்வுட் மரத்துல செஞ்ச தண்ணித் தொட்டிங்கள்ல சாக்கடையே கலக்காம இது மண்டிக் கெடந்ததைக் கண்டுபுடிச்சிருக்காங்க. எங்க தொட்டிக்கு மூடி ஒடைஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு, மேல தென்னந்தடுக்கு போட்டு மூடியிருக்கு, பக்கத்துலயே வேப்பமரம். அடியில விரல்கடை அளவுக்குச் சேறு, சுவத்துல கையை வெச்சா வழுக்குது. போர்ல இருந்து சுத்தமா ஏற்ற தண்ணி இதுக்குள்ள வந்துதான் கெட்டுப் போவுது. பால் கெட்டது இதனாலதான்னு எனக்கு நெனப்பு. கேனை கடைசியா அலசி கவுக்காம அப்படியே வெச்சிருவாங்க, அடியில நிக்கற ரெண்டு மூணு ஸ்பூன் தண்ணி போதும், அதுக்கு மேல வெதுவெதுன்னு பால் ஊத்தினா இதுங்களுக்கு விருந்துதான், நல்ல சூடு கெடைச்சா அரை மணி நேரத்துக்குள்ளயே ஒண்ணு ரெண்டாயிடும்.

ஆனா குடிக்கற தண்ணியில பயப்பட வேண்டியது 1600 இல்ல, அந்த 110. ஈ.கோலி வந்த வழியில டைபாய்டு, மஞ்சக்காமாலைன்னு வேற எது வேணா வரும், அதையெல்லாம் தனித்தனியா தேடிட்டு இருக்க முடியாதுன்னுதான் ஈ.கோலிய சாட்சியா வெச்சிருக்காங்க. நம்ம நாட்டுக் குடிதண்ணி தரம் ஐஎஸ் 10500ல 100 மில்லியில ஈ.கோலியும் கூடாது, மொத்த கோலிஃபார்மும் கூடாது. கொஞ்சமா இருந்தா ஓக்கேங்கற பேச்சே இல்ல.

தம்பி நடுவுல பஞ்சாயத்துல குடுத்த ஹெச்டூஎஸ் பாட்டில்லயும் தண்ணி புடிச்சு ஜன்னல்ல வெச்சிருக்கான். குவாலியர் டிஃபென்ஸ் லேப்ல இருந்து 1982ல வந்த டெஸ்ட் அது, தண்ணி ஊத்தி ரூம்ல வெச்சா போதும், குடல் அழுக்கு கலந்திருந்தா கருப்பாகும். கெணத்துப் பாட்டில் மறுநாளே கரி, தொட்டிப் பாட்டில் மாறல. அவன் "ஒரு வாரமா நீ பண்ணினதை நான் ஒரு நாள்ல பண்ணிட்டேன்" ன்னு இன்னிக்கும் சொல்லிக் காட்டறான். சொல்லட்டும். கருப்பாகாட்டி நல்ல தண்ணின்னு அர்த்தமில்லன்னு அவன்கிட்ட சொல்லிப் பிரயோசனமில்ல.

சரி கெணத்துக்குள்ள சாணி எப்படிப் போச்சு? அப்பாவோட சுத்திச் சுத்திப் பாத்தோம். மேக்கால எருக்குழி, கெணத்துல இருந்து இருபது எட்டு. நெலம் அங்கிருந்து கெணத்துப் பக்கம் சாயுது. கெணத்துக்குள்ள மேக்குச் சுவத்துல பாறை வெடிப்புல ஒரு ஊத்துக்கண்ணு, அப்பாரு காலத்துல இருந்து வத்தாததுன்னு பெருமையா காட்டுவாங்க. ஐப்பசி மழையில அது கலங்கலா வந்ததா அப்பாவே சொன்னாரு, சொல்லிட்டு அவரே சித்த நேரம் பேசாம நின்னாரு. மண்ணு வழியா எறங்கற தண்ணி வடிகட்டிட்டு வரும், எங்க ஊர்ல நாலடிக்குக் கீழ பாறை, வெடிப்புல வர்ற தண்ணிய எது வடிகட்டும்?

அவருக்கு வாக்கர்ட்டன் கதையைச் சொன்னேன். கனடாவுல ஒன்டாரியோவுல சுமார் அஞ்சாயிரம் பேர் இருக்கற சின்ன ஊரு, 2000 மே மாசம், பெரிய மழை, பக்கத்துப் பண்ணையில நெலத்துக்குப் போட்ட மாட்டெரு ஆழமில்லாத ஒரு கெணத்துல பாறை வெடிப்பு வழியா எறங்கிடுச்சு, குளோரினும் சரியா போடல. 7 பேர் செத்தாங்க, 2300 பேருக்கு மேல படுத்தாங்க. வந்தது ஈ.கோலியில ஓ157ங்கற மோசமான வகை, மாட்டு வயித்துல மாட்டுக்கு ஒண்ணும் பண்ணாம இருக்கும், மனுசக் கொழந்தைக்குப் போனா கிட்னியை அடிச்சிரும். கூடவே கேம்பைலோபாக்டர்ங்கற இன்னொரு கிருமியும். இதுல என் மனசுல நிக்கறது, விசாரணையில அந்தப் பண்ணைக்காரர் மேல தப்பே இல்ல, எல்லாம் முறைப்படிதான் செஞ்சிருந்தாருன்னு சொன்னாங்க. இன்னொண்ணு, இப்ப புதுசா யுவி லைட்ல நீலமா ஒளிர்ந்தா ஈ.கோலின்னு காட்டற டெஸ்ட் இருக்குல்ல, சுலபம்தான், ஆனா இந்த ஓ157 அதுல ஒளிராது, அந்த என்சைம் அதுக்கு வேலை செய்யாது. அப்பா முழுசும் கேட்டுட்டு "அப்ப குழிய மாத்தணுங்கற" ன்னாரு.

மாத்தினோம். கெழக்குச் சரிவுல, கெணத்துக்குக் கீழ்ப்பக்கம். கெணத்துல இருந்து 50 அடியாவது தள்ளி இருக்கணும்பாங்க, எங்க பாறைக்கு அது பத்தாதுன்னு இன்னும் தள்ளியே வெட்டினோம். ஜேசிபிக்காரருக்கு அரை நாள் வேலை.

கெணத்துல பிளீச்சிங் பவுடர் போட்டா போதாதான்னு நெறய பேர் கேப்பீங்க. கணக்குப் பாருங்க. ஆயிரம் லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம். எங்க கெணறு 30க்கு 30 அடி, தண்ணி 15 அடி நின்னா 13,500 கன அடி, கிட்டத்தட்ட 3,80,000 லிட்டர், ஒரு தடவைக்கு ஒரு கிலோ பக்கம் பவுடர். போட்ட மறுநாள் மோட்டார் ஓடி ஊத்து வந்து புதுத் தண்ணி நிக்கும், மறுபடி ஒரு கிலோ. பாசனக் கெணத்துக்கு இது ஆவாத வேலை. அதனால குடிக்கறதுக்குன்னு தனியா 500 லிட்டர் டேங்க் வெச்சு, அதுல ஒண்ணேகால் கிராம் கரைச்சு தெளிஞ்சதை மட்டும் ஊத்தி, ஒரு மணி நேரம் விட்டு, மிச்ச குளோரினைக் காட்டற குளோரோஸ்கோப்ல மஞ்சள் வருதான்னு பாக்கறது. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் நிக்கணும். ஆத்தா மருந்து வாடை அடிக்குதுன்னு அதைத் தொடறதே இல்ல, கொதிக்க வெச்சுக் குடிக்கறாங்க, அதுவும் சரிதான்.

தொட்டிக்கு ஒரு நாள் கூலி. தண்ணிய எறக்கி, சேறை வாரி, சுவத்தை கம்பி ப்ரஷ்ல தேச்சு, பிளீச்சிங் கரைசலை அடிச்சு ராத்திரி விட்டு, காலையில ரெண்டு தடவை கழுவி விட்டாச்சு. சிமெண்ட் மூடி போட்டாச்சு. கேனை அலசி கவுத்து வெக்கறதுக்கு கம்பி ஸ்டாண்டும் அடிச்சாச்சு, இந்த ஸ்டாண்டுக்குத்தான் அப்பா ரொம்ப மொணகினாரு, ஏன்னு தெரியல. பால் அதுக்கப்புறம் திரும்பி வரல.

மாசி மாசம் மறுபடி எடுத்தேன். தொட்டி ஒரு ட்யூப்லயும் கேஸ் இல்ல. கெணறு 4-2-0, அதாவது 22. குழியை மாத்தினதாலயா, மழை நின்னு நாலு மாசம் ஆனதாலயா, ரெண்டும் சேந்தா, இப்ப சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு ஈ.கோலின்னு வாயில வராது, பிளேட் போட்டோவைக் காட்டினதுல இருந்து அதுக்குப் பேரு பொன்வண்டு. போன்ல முதல் கேள்வியே "அம்மிணி, பொன்வண்டு இருக்குதா போயிருச்சா?"

"ரெண்டு இருக்குதுங்ப்பா, இன்னும் போவல."

"அப்ப ஐப்பசிக்கு மறுக்காப் பாத்துரு" ன்னாரு.

பாக்கணும். இந்தத் தடவை மழை பேயற அன்னிக்கு ஒண்ணு, மூணு நாள் கழிச்சு ஒண்ணுன்னு எடுக்கற பிளான், ஊத்துக்கண்ணுல நேரா ஒரு பாட்டில் புடிக்கணும்னும் ஆசை, தம்பிதான் கயிறு கட்டி எறங்கணும். அவன் என் சாம்பிள் ஐஸ் பெட்டியை மீன் வாங்கறதுக்கு எடுத்துட்டுப் போயிருக்கான், முதல்ல அதைக் கழுவி வெக்கச் சொல்லணும்.